கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு

பூந்தமல்லியைத் தாண்டினால் நசரத்பேட்டைப் பக்கம் பனிமலர், தண்டலத்தில் சவீதா, ராஜலட்சுமி, வடக்கே ஆவடியில் வேல் டெக் என்று எங்கள் குத்தம்பாக்கத்தைச் சுற்றி நாலா பக்கமும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. எல்லா வளாகத்திலும் ஒரு கணினிப் பிரிவு உண்டு. லேப் அசிஸ்டன்ட், டெக்னீஷியன், சிஸ்டம் அட்மின் என்று எந்தப் பெயரில் வேலைக்கு எடுத்தாலும், காலையில் கல்லூரி பஸ்கள் வந்து நின்றதும் "சார், நெட் வரல" என்ற குரல் வந்து சேரும் இடம் அந்த அறைதான். அந்த வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ஜூன் மாதம் பிறந்தால் டிப்ளமோ முடித்த பையன்களும் பி.எஸ்சி. முடித்த பெண் பிள்ளைகளும் புதிதாக வந்து சேருகிறீர்கள். வேலை நேரத்தில் நின்று சொல்லித்தர யாருக்கும் அவகாசம் இருப்பதில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

1. வந்தவரை முதலில் உட்கார வையுங்கள். மெஷினைப் பிறகு பார்க்கலாம்.

நம் வளாகங்களில் படிக்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் கையில் முதல் பட்டதாரி சான்றிதழ் இருக்கிறது. வீட்டில் அவர்களுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அந்த மடிக்கணினிதான் வீட்டுக்குள் வந்த முதல் கணினி என்ற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு உங்கள் கவுண்டர் முன்னால் வந்து நிற்பதற்கே தைரியம் வேண்டும். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ சிவப்பாக வந்திருக்கும். தான்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

"இதுகூடத் தெரியாதா" என்று ஒருமுறை சொன்னீர்கள் என்றால், அந்தப் பிள்ளை நான்கு வருடத்துக்கும் உங்களிடம் வராது. நண்பனிடம் கேட்டு, நண்பனின் நண்பனிடம் கேட்டு, கடைசியில் யாரோ ஒருவன் கொடுத்த பென் டிரைவிலிருந்து வைரஸோடு வந்து நிற்கும். மவுஸைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் வந்திருக்கும் வரியைச் சத்தமாக வாசித்து, தமிழில் என்ன பொருள் என்று சொல்லி, எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டி, அழுத்துவதை அவர்களையே செய்ய விடுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். அடுத்த முறை அதே பிரச்சினை வந்தால் அந்தப் பிள்ளை தானே சரிசெய்து, அறையில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் செய்து தரும்.

2. "வைஃபை வரல" என்று சொன்னால் என்ன வரவில்லை என்று கேளுங்கள்.

வளாகத்தின் வைஃபை பெயரே பட்டியலில் தெரியவில்லையா? தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்கவில்லையா? இணைந்துவிட்டது, லாகின் பக்கம் திறக்கவில்லையா? எல்லாம் சரி, ஒரே ஒரு வெப்சைட் மட்டும் வரவில்லையா? இவை வெவ்வேறு நோய்கள். மருந்தும் வெவ்வேறு. "நேற்று வந்ததா? உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்கும் இப்படியா?" என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய போனையோ லேப்டாப்பையோ பாருங்கள். அந்த மாடி முழுக்கவே வரவில்லை என்றால் எழுந்து போய் சுவிட்சைப் பாருங்கள்.

லேப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு முகவரி கொடுக்க வேண்டிய டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். பதில் வராததற்கு நம் வளாகங்களில் ஒரு முக்கியக் காரணம் முகவரிகள் தீர்ந்துபோனது. ஒரு சாதாரண நெட்வொர்க்கில் 254 முகவரிகள். வகுப்பில் அறுபது பேர் என்றால் போனும் லேப்டாப்புமாக 120 கருவிகள். ஒரு வகுப்பு வெளியேறி அடுத்த வகுப்பு உள்ளே வரும்போது, போனவர்களின் முகவரிகள் இன்னும் அவர்கள் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும். விண்டோஸ் சர்வரில் இயல்பாக 8 நாள் வரை அப்படிப் பூட்டி வைத்திருக்கும். அதைச் சில மணி நேரமாகக் குறைத்தால் மாயம் போல் சரியாகும்.

ஐபி 192.168.0 அல்லது 192.168.1 என்று, நம் வளாகத்தில் பயன்படுத்தாத வரிசையில் வந்தால், விடுதியில் யாரோ சொந்த ரௌட்டரைக் கொண்டுவந்து சுவரிலிருக்கும் போர்ட்டில் மாட்டியிருக்கிறார்கள். அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிட்டது. கண்டுபிடித்ததும் கோபப்பட வேண்டாம். அந்த அறையில் சிக்னல் வருவதில்லை என்பதுதான் அதற்குக் காரணம். அந்தப் பிரச்சினையை எழுதிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. கருவியின் மேக் முகவரியைப் பதிவு செய்துதான் நெட் கொடுக்கும் வளாகங்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்த பிறகு, போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. நேற்றுவரை நெட் வந்த போன், புதுப்பித்த மறுநாள் அந்நியமாகிவிடும். அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய், கருவியின் சொந்த முகவரியைப் பயன்படுத்தும்படி மாற்றினால் போதும். இதை ஒரு தாளில் படத்தோடு அச்சிட்டு விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

3. கடிகாரத்தைப் பாருங்கள். கோடை விடுமுறை முடிந்து லேபைத் திறக்கும்போது, பழைய கணினிகளில் நாலைந்து, எந்த வெப்சைட்டையும் திறக்க மறுக்கும். இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று பிரவுசர் முரண்டு பிடிக்கும். வலது மூலையில் தேதி என்னவோ பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032, மூன்று வோல்ட். மெயினை அணைத்து மாதக்கணக்கில் கிடந்தால் பழைய பேட்டரி உயிரை விட்டுவிடும். தேதி தவறினால் வெப்சைட்டின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைத்துக்கொள்ளும். கடைத்தெருவில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பேட்டரி அது. அது தெரியாமல் விண்டோஸையே மறுபடி போட்டு ஒரு நாளை வீணாக்குபவர்கள் இருக்கிறார்கள்.

4. ஐப்பசிக்கு முன்னால் மழைக்குத் தயாராகுங்கள்.

செம்பரம்பாக்கம் ஏரி நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அதன் முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் 1 இரவு அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தபோது அடையாற்றங்கரை என்ன ஆனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அடுத்த ஆண்டே 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து, மரங்கள் சாய்ந்து, கம்பங்களில் கட்டியிருந்த கேபிளெல்லாம் அறுந்து தொங்கின. தரைத்தளத்தில் ரேக் இருந்தால் கீழ்த்தட்டில் யுபிஎஸ் பேட்டரி தவிர எதையும் வைக்காதீர்கள். முடிந்தால் பேட்டரியையும் பீடம் கட்டி ஏற்றுங்கள். வெளிச்சுவர் வழியாகக் கேபிள் உள்ளே வருகிற துளையை மழை தொடங்கும் முன் அடைத்துவிடுங்கள். தண்ணீர் கேபிளோடு ஒழுகி நேராக சுவிட்சுக்குள் இறங்கும். எலிக்கும் அதுதான் வழி.

கட்டடத்துக்குக் கட்டடம் தாமிரக் கேபிள் இழுக்க யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நூறு மீட்டருக்கு மேல் அது தாங்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் இடி. பக்கத்தில் இடி விழுந்தால் அந்தத் தாமிரம் வழியாகவே இரண்டு கட்டடத்து சுவிட்சுகளும் கருகும். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. அதைத்தான் கேட்க வேண்டும்.

மழைக்குச் சொன்னதையே வெயிலுக்கும் சொல்கிறேன். யுபிஎஸ் பேட்டரிக்கு 25 டிகிரி சுகமான வெப்பம். அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத யுபிஎஸ் அறையின் கதவை அடைத்து வைத்தால், அடுத்த செமஸ்டர் ஆன்லைன் தேர்வின் நடுவில் அது கைவிடும். தண்ணீர் ஊற்றுகிற வகை பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். கேன் தண்ணீர் ஊற்றக் கூடாது.

5. பிராஜெக்ட் ஃபைலுக்குப் பிரதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். மார்ச் மாதத்தில் இறுதியாண்டுப் பிள்ளை ஒருவர் ஹார்ட் டிஸ்க் போய் அழுதுகொண்டு வருவது தவறாமல் நடக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை இடம், அதில் ஒன்று வளாகத்துக்கு வெளியே. மூன்றாவதற்கு கூகுள் டிரைவ் போதும். அலுவலக சர்வரின் பேக்கப்பை ஒருமுறையாவது திருப்பி எடுத்துப் பாருங்கள். திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது சுமார் 150 நாடுகளில் கணினிகள் பூட்டப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. "அப்டேட் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட இடங்கள்தான் மாட்டின. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் லேபில் எத்தனை கணினிகள் இன்னும் அதில் ஓடுகின்றன என்று இந்த வாரமே கணக்கெடுங்கள். பதினொன்றுக்கு ஏறாத பழைய கணினிகளில் உபுண்டு போட்டால் இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும்.

6. தமிழ்த்துறையைப் பின்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

வயதான பேராசிரியர் ஒருவர் ஒரு பென் டிரைவோடு வருவார். இருபது வருட ஆராய்ச்சிக் குறிப்புகள் அதில் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரே குப்பை. "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாமினி எழுத்துருவிலோ வானவில் அவ்வையாரிலோ தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிடும். பிறகு யூனிகோடுக்கு மாற்றித் தர வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மூலக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பத்தி பத்தியாக மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் நடுவில் இருக்கிற ஆங்கிலச் சொற்களும் நூற்பட்டியலும் பொருளில்லாத தமிழாகிவிடும்.

தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்துக்குப் போகின்றன. பழைய எழுத்துருவில் போன ஆய்வேட்டில் யார் என்ன தேடினாலும் கிடைக்காது. அவ்வளவு உழைப்பும் இருந்தும் இல்லாதது மாதிரி. புதிதாகத் தட்டச்சு பழகும் ஆய்வு மாணவர்களுக்குத் தமிழ் 99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தியது. இப்போது விண்டோஸிலேயே கூட வருகிறது. ஒரு வாரம் கை தடுமாறும், அதன் பிறகு ஓடும்.

7. இன்ஷியல்.

இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. படிவம் எல்லாம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, வங்கியில் இன்ஷியலே இல்லாமல் ஒரு பிள்ளைக்கு நாலு பெயர் இருக்கும். டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியலை இழுக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். அபார் எண், அகாடமிக் கிரெடிட் வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாம் அதே இடத்தில் சிக்கும்.

முதலாண்டு சேர்க்கையின்போதே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆதாரையும் பத்தாம் வகுப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி மாறினாலும் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் உயிரோடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்பாவின் பழைய சிம்முக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும். நான்காம் ஆண்டில், வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனி சான்றிதழ் சரிபார்க்கும் வாரத்தில் இதைக் கண்டுபிடித்து ஓடுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை வாங்கித் தாருங்கள். இலவசம். பெயரைக் கட்டுரைக்குக் கட்டுரை எப்படி எழுதினாலும் ஆள் ஒருவர்தான் என்று அது காட்டிக்கொடுக்கும்.

8. பணம் போய்விட்டது என்று வந்தால் முதலில் 1930.

விசாரணை, அறிவுரை எல்லாம் அப்புறம். உங்கள் போனிலிருந்தே 1930ஐ அழைத்துக் கொடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம். பிறகு சைபர் குற்றத்துக்கான மத்திய அரசு தளத்தில் புகார், பிறகு வங்கி. பகுதிநேர வேலை, இன்டர்ன்ஷிப்புக்கு முன்பணம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல், இவைதான் நம் பிள்ளைகளைப் பிடிக்கிற வலைகள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை என்ற ஒரு வரியைக் கேன்டீன் சுவரில் எழுதி வைத்தால்கூட நல்லது. நீங்களும் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்காதீர்கள். கணினிப் பிரிவிலிருந்தே கேட்டுப் பழக்கிவிட்டால், நாளை நம் பெயரில் வரும் போலி மின்னஞ்சலுக்கும் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு பெண் பிள்ளை, யாரோ படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று வந்தால், அந்தப் படத்தைப் பார்க்கக் கேட்காதீர்கள். உரையாடலை அழிக்க விடாதீர்கள், அதுதான் சாட்சி. பெண் சக ஊழியர் ஒருவரை உடனே அழையுங்கள். வளாகத்தின் உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை தப்பு செய்தவள் இல்லை என்பதை உங்கள் முகமே சொல்ல வேண்டும். அந்த அறையில் கேட்டதை டீக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

9. பிறர் கணினியைத் திறந்தால் வேலைக்கு வேண்டிய ஃபோல்டரை மட்டும் திறவுங்கள்.

10. பார்வையற்ற மாணவர் சேரும்போது லேபில் எல்லாக் கணினியிலும் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ போட்டு வையுங்கள். ஒரே ஒரு மூலைக் கணினியில் மட்டும் போட்டுவிட்டு அங்கேயே அவரை உட்கார வைக்காதீர்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் கூடச் சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. இலவசம். தமிழும் வாசிக்கும். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பையும், வாட்ஸ்அப்பில் போட்டோ பிடித்து அனுப்பிய நோட்ஸையும் நேராக வாசிக்காது. ஆசிரியர்களிடம் போய், தட்டச்சு செய்த கோப்பாகக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்க வேண்டியது உங்கள் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, நீங்களே அதில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். வளாகத்தின் வெப்சைட்டில் எந்தெந்த பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறோம் என்று அப்போது தெரியும்.

11. திருட்டு மென்பொருளைப் போட்டுத் தராதீர்கள், ஆனால் கையை விரித்தும் அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நாளை அசைன்மென்ட் இருக்கிறது. மேட்லாபுக்குப் பதில் சைலாப், ஆக்டேவ். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் பாடங்களில் இவற்றில் சிலவற்றைத் தமிழ்க் குரலிலேயே கேட்டுப் படிக்கலாம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இதை நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்வதில்லை. என்பிடெல் பாடங்கள், தேசிய டிஜிட்டல் நூலகம் இரண்டைப் பற்றியும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

12. செய்ததை நோட்டில் எழுதுங்கள், கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். ஒரு தளம் முழுக்க நெட் நின்று, சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் மின்னினால், யாரோ ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதே சுவிட்சில் சொருகியிருக்கிறார்கள். லேபிள் இருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

13. உதவிக்கு வருபவர் யாராக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்.

எங்கள் குத்தம்பாக்கத்தில் இளங்கோ ரங்கசாமி என்பவர் வேதிப் பொறியியல் படித்து, பார்த்த வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானார். வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளோடு இங்கே சமத்துவபுரம் எழுந்தது. இந்த ஊரிலிருந்தும் பக்கத்துத் திருமழிசையிலிருந்தும் நம் வளாகங்களுக்குக் கூட்டிப் பெருக்கவும், மெஸ்ஸில் சமைக்கவும், பஸ் ஓட்டவும், வாட்ச்மேன் வேலைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் இந்த வளாகத்து மனிதர்கள்தான். டீனுக்குப் பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் மூன்று பேர் ஓடுகிறோம். பெருக்குகிற அக்காவுக்கு பி.எஃப். பணம் எடுக்க முடியாவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர்கள் கொண்டுவரும் பிரச்சினை பெரும்பாலும் அதே இன்ஷியல் பிரச்சினைதான். பி.எஃப். கணக்கின் யூஏஎன் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், அல்லது பிறந்த வருடம் மாறியிருக்கும். அதைத் திருத்தக் கோரிக்கை போடுவது உங்களுக்குச் சின்ன வேலை. வெளியே இருக்கும் பிரவுசிங் சென்டரில் அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு, பாஸ்வேர்டையும் தங்களிடமே வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நீங்கள் செய்து கொடுக்கும்போது பாஸ்வேர்டை அவர்களையே சொல்லி எழுத வையுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் படிக்கிற மகனையோ மகளையோ ஒருநாள் கூட்டிவரச் சொல்லி, அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

வகுப்பு நேரத்திலும் மதியத்திலும் அவர்களால் வர முடியாது. அது அவர்கள் உழைக்கிற நேரம். மாலையில் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாளாவது அந்த அரை மணி நேரம் கவுண்டரில் ஆள் இருக்கும்படி உங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், மெஸ் வாசலில் ஒட்டுங்கள்.